தாம்பரம் சாலை – 7: பரங்கிமலையில் ஒரு மரணம்

சென்ற அத்தியாயத்தில் பல்லாவரத்தில் நின்றோம். 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கண்டெடுத்த ஒரு கற்கருவி, இந்தியாவில் மனிதன் வாழ்ந்த காலத்தைப் பற்றிய கணக்கையே மாற்றி எழுதியதைப் பார்த்தோம். அதே பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகையில் பின்னாளில் தர்கா அமைந்ததையும் பார்த்தோம். இனி ரயில் பாதையை ஒட்டியே வடக்கு நோக்கி நகர்வோம். திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் கடந்தால் பரங்கிமலை.

மலை என்று சொல்கிறோமே தவிர, உயரம் சுமார் 300 அடிதான். திரிசூலத்துக் குன்றுகளோடு வைத்துப் பார்த்தால் இது தம்பி. ஆனால் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் இடையே உள்ள எந்தக் குன்றையும் விட இதன் பெயர் உலகத்தில் அதிகம் பேசப்பட்டிருக்கிறது. காரணம், ஒரு மரணம். கலிலேயாவில் பிறந்து, தன் மண்ணை விட்டு வெகுதூரம் வந்து, அந்நிய நிலத்தில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்த ஒருவரின் மரணம். திருத்தூதர் தோமா, நம் மக்கள் வாயில் தோமையார், இந்த மலையில்தான் மறைசாட்சியாக மரித்தார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. மரபு அதற்குத் தரும் ஆண்டு கி.பி. 72.

தன் குருவின் செய்தியைச் சொல்லக் கடல் கடந்து வந்து, வந்த இடத்திலேயே உயிர் விட்ட மறைப்பணியாளர்கள் தமிழ்நாட்டு வரலாற்றில் பலர். அந்த வரிசையின் தொடக்கத்தில் மரபு நிறுத்தும் பெயர் தோமா. எனவே இந்த அத்தியாயம் அவருக்கும், அவர் மரணத்தின் நினைவைக் காத்தவர்களுக்கும்.

சந்தேகம் கேட்டவரா, சாகத் துணிந்தவரா?

தோமா என்றாலே உலகம் நினைப்பது சந்தேகத்தை. உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் அவர். ஆனால் அதே யோவான் நற்செய்தியில், அதற்கு முன்பே இன்னொரு தோமா வருகிறார். லாசர் இறந்த செய்தி வருகிறது. இயேசு யூதேயாவுக்குத் திரும்பிப் போகத் தீர்மானிக்கிறார். அவரைக் கல்லால் எறிந்து கொல்ல முயன்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். சீடர்கள் தயங்குகிறார்கள். அப்போது, நாமும் போவோம், அவரோடு சேர்ந்து சாவோம் என்று மற்றவர்களை அழைப்பவர் தோமாதான்.

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பிற்காலத்து மறைசாட்சி மரபு அவரைப் புரிந்துகொண்டது. கேள்வி கேட்காமல் நம்பியவர் அல்ல. கேட்டுத் தெளிந்து, தெளிந்த பின் உயிரைக் கொடுக்கத் தயங்காதவர். மறைசாட்சி என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான மனிதரைக் காட்ட முடியாது என்பேன்.

விற்கப்பட்ட தச்சன்

அவர் இந்தியாவுக்கு வந்த கதையை முழுதாகச் சொல்லும் மிகப் பழைய நூல் ‘தோமாவின் பணிகள்’. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் இருக்கும் எடெசா நகர வட்டாரத்தில், சிரியாக் மொழியில் எழுதப்பட்டது. திருச்சபை இதை மறைநூலாக ஏற்கவில்லை. வரலாற்று நூல் என்றும் முழுதாகக் கொள்ள முடியாது. ஆனாலும் கதையின் தொடக்கம் நெஞ்சில் நிற்கும்.

சீடர்கள் சீட்டுப் போட்டு நாடுகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. போக மறுக்கிறார். உடம்பு தாங்காது, மொழி தெரியாது என்கிறார். அந்த நேரம் ஹபான் என்ற வணிகர், தம் அரசனுக்காகத் தச்சு வேலை தெரிந்த ஓர் ஆளைத் தேடி வருகிறார். இயேசுவே தோன்றி, இவன் என் அடிமை என்று சொல்லித் தோமாவை அவரிடம் விற்றுவிடுகிறார். ஆக, இந்தக் கதையில் தோமா இந்தியாவுக்கு வருவது படையோடும் அல்ல, பதவியோடும் அல்ல. விலைக்கு வாங்கப்பட்ட தொழிலாளியாக வருகிறார்.

அரசன் கொந்தோபரஸ் அரண்மனை கட்டப் பணம் கொடுக்கிறான். தோமா அதை ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பங்கிட்டுவிடுகிறார். அரண்மனை எங்கே என்று கேட்டால், கட்டி முடித்தாயிற்று, இப்போது காண முடியாது, இறந்த பின் காண்பாய் என்கிறார். கோபத்தில் அரசன் அவரைச் சிறையில் தள்ளுகிறான். அன்றிரவே அரசனின் தம்பி இறந்து, விண்ணகத்தில் அண்ணனுக்காகத் தோமா கட்டிய மாளிகையைக் கண்டு, உயிரோடு திரும்பி வந்து சாட்சி சொல்கிறான். கட்டடக் கலைஞர்களின் பாதுகாவலராகத் தோமாவைக் கருதுவது இந்தக் கதையிலிருந்து வந்த வழக்கம்.

கொந்தோபரஸ் என்ற பெயரை நெடுங்காலம் வெறும் கற்பனை என்றே பலர் எண்ணினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பகுதிகளில் அந்தப் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. பெஷாவருக்கு அருகே தக்த்-இ-பாகியில் கிடைத்த கல்வெட்டு, கி.பி. 46 வாக்கில் அவன் ஆட்சியில் இருந்ததைக் காட்டியது. கதை மெய் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் கதை சொன்னவருக்கு இந்தியாவைப் பற்றி உண்மையான ஒரு செய்தி எட்டியிருந்தது என்பது உறுதியாகிறது.

வடமேற்கில் ஆண்ட கொந்தோபரஸை விட்டு, நூலின் பிற்பகுதியில் தோமா மஸ்தாய் என்ற இன்னொரு அரசனின் நாட்டுக்குப் போகிறார். அங்கே அரசியும் உயர்குடிப் பெண்களும் அவர் போதனையை ஏற்கிறார்கள். அரசன் சினம் கொள்கிறான். ஊருக்கு வெளியே ஒரு மலைக்குத் தோமாவை அழைத்துப் போய், நான்கு வீரர்கள் ஈட்டியால் குத்திக் கொல்கிறார்கள். அரசர்களின் பழைய கல்லறையில் உடல் அடக்கம் செய்யப்படுகிறது.

நூலில் மலையின் பெயர் இல்லை. தென்னிந்திய மரபோ அதற்குப் பெயரும் இடமும் தந்தது. கேரளத்து நசராணிகள், தோமா கி.பி. 52இல் கொடுங்கல்லூரில் இறங்கி, பின்பு கிழக்குக் கரைக்குப் போய் மயிலாப்பூரில் உயிர் விட்டதாகப் பாடியும் சொல்லியும் வந்தார்கள். அந்தக் காலத்தில் ரோமானியக் கப்பல்கள் முசிறிக்கு வந்து மிளகு ஏற்றிப்போனதும், அரிக்கமேட்டில் அவர்களின் மதுச்சாடிகள் கிடைத்ததும் நாம் அறிந்தவை. வழி இருந்தது, வருவோரும் போவோரும் இருந்தார்கள்.

சென்னை மரபு அவர் கடைசி நாள்களை மூன்று இடங்களில் பிரித்து வைத்திருக்கிறது. சைதாப்பேட்டைச் சின்னமலையின் குகையில் ஒளிந்திருந்தார், பரங்கிமலையில் மரித்தார், மயிலாப்பூர்க் கடற்கரையில் அடக்கமானார். இன்றும் யாத்திரை வருபவர்கள் இந்த மூன்றையும் ஒரே நாளில் தரிசித்துத் திரும்புகிறார்கள்.

கல்லறையின் மண்

‘தோமாவின் பணிகள்’ நூலின் கடைசியில் ஒரு செய்தி வருகிறது. மஸ்தாயின் மகன் நோயுற்றபோது, கல்லறையைத் திறந்து எலும்பெடுத்துக் குணமாக்கலாம் என்று அரசன் நினைக்கிறான். எலும்பு அங்கே இல்லை. அதற்குள் சீடர்களில் ஒருவர் அதை மேற்கே கொண்டுபோய்விட்டார். அரசன் அங்கிருந்த மண்ணை எடுத்து மகனுக்கு இடுகிறான். மகன் பிழைக்கிறான். அரசனும் மனம் மாறுகிறான்.

திருப்பண்டங்கள் எடெசாவுக்குப் போனதை 4ஆம் நூற்றாண்டில் புனித எப்ரேம் தம் பாடல்களில் சொல்கிறார். பின்னர் அவை கியோஸ் தீவுக்கும், 1258இல் இத்தாலியின் ஒர்தோனாவுக்கும் போயின. எலும்பு போனாலும் இங்கே வருவோர் நிற்கவில்லை. 6ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் கிரகோரி, இந்தியாவில் தோமாவின் உடல் முதலில் கிடந்த இடத்தில் மடமும் அழகிய கோயிலும் இருப்பதாக, அங்கே போய் வந்த தியோடர் என்பவர் சொல்லக் கேட்டு எழுதினார். 883இல் இங்கிலாந்து அரசர் ஆல்பிரட் இந்தியாவிலுள்ள புனித தோமாவுக்குக் காணிக்கை அனுப்பியதாக ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்பு சொல்கிறது.

அவர்கள் யாரும் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. நம் கடற்கரையை ஐயமின்றிக் காட்டியவர்களில் முதன்மையானவர் மார்கோ போலோ. 1290களின் தொடக்கத்தில், பாண்டியர் ஆட்சியில் இருந்த இந்தக் கரை வழியாக அவர் ஊர் திரும்பினார். மாபார் நாட்டில், வணிகர் அதிகம் வராத ஒரு சிற்றூரில் தோமாவின் உடல் இருக்கிறது என்கிறார். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வருகிறார்கள் என்கிறார். அவர் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப் போய், காய்ச்சல் கண்டவருக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள் என்கிறார்.

அரசன் மகனுக்கு இட்ட மண்ணும், மார்கோ போலோ பார்த்த செம்மண்ணும் ஒன்றுதான் என்று நான் வாதிடவில்லை. ஆயிரம் ஆண்டு இடைவெளியில், இருவேறு மொழியில் எழுதப்பட்ட இரண்டு நூல்கள், இந்த மரணத்தை ஒரு பிடி மண்ணோடு சேர்த்தே நினைத்திருக்கின்றன என்பதைத்தான் காட்டுகிறேன். சாமி வைத்துக் கும்பிடப் பிடிமண் எடுத்துச் செல்லும் நம் மக்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஏறக்குறைய மார்கோ போலோவின் காலத்திலேயே இன்னொருவரும் இங்கே வந்தார். பிரான்சிஸ்கன் துறவி மொந்தெகொர்வினோ யோவான். சீனத்துக்குப் போகும் வழியில் தோமாவின் கோயிலில் 13 மாதங்கள் தங்கினார். சுமார் 100 பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். உடன் வந்த தொமினிக்கன் துறவி பிஸ்தோயா நிக்கோலாஸ் இங்கேயே இறந்து, தோமாவின் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். யோவான் பயணத்தைத் தொடர்ந்து பெய்ஜிங் போய்ச் சேர்ந்து, அந்நகரின் முதல் பேராயர் ஆனார். தோமாவைத் தேடி வந்து, தோமாவின் அருகிலேயே மண்ணான நிக்கோலாஸைப் பற்றி இந்த நகரத்தில் பேசுவோர் இல்லை. இந்தப் பத்தியாவது அவருக்கு இருக்கட்டும்.

கல்லில் ஒரு சிலுவை

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியர் வந்தபோது மயிலாப்பூர்க் கோயில் பாழடைந்து கிடந்தது. அப்போது இந்தக் கரையைப் பற்றி எழுதிய துவார்த்தே பர்போசா ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். பாழடைந்த அந்தக் கோயிலைப் பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம். பிறரிடம் இரந்து பெற்றதைக் கொண்டு இரவில் அங்கே விளக்கு எரித்து வந்தார். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால், சாந்தோமில் ஒரு தெருவுக்கு அந்தப் பெயரை வைக்கலாம்.

1523இல் போர்ச்சுக்கீசியர் மயிலாப்பூர்க் கல்லறையைத் தோண்டினார்கள். 1545இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சில மாதங்கள் தங்கி அங்கே செபித்தார். அடுத்து மலாக்காவுக்குப் போவதா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது அந்தச் செபத்தில்தான். இரண்டே ஆண்டுகளில், 1547இல், பரங்கிமலை உச்சியில் கோயில் கட்ட வானம் தோண்டியபோது ஒரு கல் கிடைத்தது. இன்று மலைக் கோயிலின் பலிபீடத்தில் இருப்பது அந்தக் கல்தான்.

அருகே போய்ப் பாருங்கள். சாம்பல் நிறக் கருங்கல். நடுவே புடைப்பாகச் செதுக்கிய சிலுவை. அதன் நான்கு முனைகளும் மொட்டு விரிவது போல் அகன்றிருக்கும். அதில் அறையப்பட்ட உருவம் இல்லை. மேலிருந்து ஒரு புறா இறங்குகிறது. அடியில் இலைகள் இரு பக்கமும் சுருண்டு மேலெழுகின்றன. இருபுறமும் தூண், மேலே வளைவு. அந்த வளைவின் விளிம்பில் ஓடுகின்றன புரியாத எழுத்துகள்.

அந்த எழுத்துகளைப் படித்துச் சொல்ல 1561 வாக்கில் ஒரு பண்டிதரை அழைத்து வந்தார்கள். தோமா வந்தது, இறந்தது என்று நீண்ட வரலாறு ஒன்றையே அவர் வாசித்துக் கூறியதாக எழுதி வைத்தார்கள். ஆனால் அந்த எழுத்து பஹ்லவி. பழைய பாரசீகத்தின் எழுத்து. 1873இல் ஏ.சி. பர்னெல் அதை அடையாளம் கண்டு வெளியிட்டார். பின்னர் வின்க்வொர்த் தந்த வாசிப்பின்படி அது ஒரு சிறிய மன்றாட்டு: இதைச் செதுக்கிய சாஹர்புக்தின் மகன் அப்ராஸ் மீது கிறிஸ்து இரங்க வேண்டும் என்பதுதான் பொருள். எழுத்தமைதியைக் கொண்டு இதை 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் வைப்பார்கள். கோட்டயம் வலியபள்ளி, கடமற்றம் ஆகிய இடங்களிலும் இதே வகைச் சிலுவைகள் உண்டு.

ஆக, இந்தக் கல் தோமா செதுக்கியதல்ல. தோமாவின் வரலாற்றைச் சொல்வதுமல்ல. எனக்கு இதனால் ஏமாற்றம் இல்லை. பல்லவர் காலத்தில், மாமல்லபுரத்துப் பாறைகளில் உளிச் சத்தம் கேட்ட அந்த யுகத்தில், பாரசீக எழுத்து தெரிந்த கிறித்தவர்கள் இந்தச் சின்னக் குன்றைத் தேடி வந்து சிலுவை நட்டிருக்கிறார்கள். எத்தனையோ குன்றுகள் இருக்க, ஏன் இந்தக் குன்று? போர்ச்சுக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே கிறித்தவ வழிபாடு இருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

1558 டிசம்பர் 18ஆம் தேதி, பூசையின் நடுவே இந்தச் சிலுவை நிறம் மாறி இரத்தம் போலக் கசிந்ததாகக் கோயில் பதிவுகள் சொல்கின்றன. மரியாள் பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் திருநாள் அது. மலைக் கோயிலும் அந்தத் திருநாளின் பெயரில் அமைந்தது. கடைசியாகக் கசிந்தது 1704இல் என்பது பதிவு. இன்றும் டிசம்பர் 18 மலைக் கோயிலுக்குப் பெருநாள்.

கொன்றது யார்?

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. பதில் காலத்துக்கு ஏற்ப மாறி வந்திருக்கிறது. மிகப் பழைய நூலில் கொல்வது அரசனின் வீரர்கள். மார்கோ போலோ கேட்ட கதையில் அது கொலையே அல்ல, விபத்து. தோமா குடிலுக்கு வெளியே செபித்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் மயில்கள் மேய்கின்றன. அவர் இருப்பதை அறியாத ஒரு வேடன் மயிலுக்குக் குறி வைத்து எய்த அம்பு, அவர் வலப்பக்கத்தில் பாய்ந்துவிடுகிறது. மயிலாப்பூரில் மயில்கள் மேய, ஒரு துறவி மண்டியிட்டிருக்கும் இந்தக் காட்சி இந்த மண்ணுக்கே உரியது.

போர்ச்சுக்கீசியர் காலத்துக்குப் பின் பரவிய வடிவத்தில்தான், பிராமணர்கள் பகைத்துப் பின்னாலிருந்து ஈட்டியால் குத்தினார்கள் என்ற கதை வலுப்பெற்றது. பழைய நூலிலும் இது இல்லை, மார்கோ போலோவிடமும் இல்லை. ஒருவர் மரணத்தைக் காட்டி ஒரு சமூகத்தையே குற்றக்கூண்டில் நிறுத்துவது வரலாறும் அல்ல, மறைசாட்சிக்குச் செய்யும் மரியாதையும் அல்ல. பகைவருக்காகவும் மன்றாடச் சொன்னவரின் சீடர் பெயரால் பகை வளர்க்கலாகாது. கோயில் பிரசங்கங்களிலும் சிறுவர் கதைப் புத்தகங்களிலும் இதைத் திருத்திக்கொள்வது நல்லது.

படி கட்டியவர்

மலை ஏறுவோர் கால் பதிக்கும் கற்படிகளுக்கு ஓர் ஆர்மேனியரின் பெயர் உண்டு. கோஜா பெத்ரோஸ் உஸ்கான். பாரசீகத்தின் ஜுல்பாவிலிருந்து சென்னைக்கு வந்த பெருவணிகர். கற்படிகள் அவர் செலவில் அமைந்தவை. யாத்திரிகர்கள் அடையாற்றைக் கடக்கத் துன்பப்படுவதைக் கண்டு, 1726இல் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தையும் தம் செலவில் கட்டினார். அந்த இடத்தில்தான் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. தாம்பரத்திலிருந்து நகருக்குள் போகும் பேருந்துகள் பல அவர் போட்ட வழியில்தான் ஆற்றைக் கடக்கின்றன. 1751இல் இறந்து வேப்பேரியில் அடங்கினார். அவர் ரோமன் கத்தோலிக்கரா, ஆர்மேனிய சபையினரா என்று படி ஏறும் யாரும் கேட்பதில்லை.

இவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். சிலுவை செதுக்கிய அப்ராஸ். வழியில் இறந்த நிக்கோலாஸ். விளக்கு எரித்த பெயர் தெரியாத முஸ்லிம். படி கட்டிய ஆர்மேனியர். தோமாவின் மரணத்துக்கு நேர்சாட்சி கிடையாது, கல்வெட்டும் கிடையாது. அந்த மரணத்தை மதித்துக் காத்தவர்களுக்கோ கல்லிலும் ஏட்டிலும் சான்று உண்டு. பரங்கிமலையின் உறுதியான வரலாறு இவர்களுடையது. இவர்களில் எவரும் இந்த மலையை ஒருவருக்கு மட்டும் சொந்தமாக்கிக் காக்கவில்லை.

பின்னால் வந்தவர்கள்

தோமாவின் வழியில் வந்து இந்த மண்ணில் இரத்தம் சிந்தியவர்களும் உண்டு. 1321இல் மும்பைக்கு அருகே தாணேயில் நான்கு பிரான்சிஸ்கர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களின் எலும்புகளைச் சுமந்துகொண்டு சீனத்துக்குப் போன ஒதோரிக் என்ற துறவி, வழியில் தோமாவின் கோயிலையும் தரிசித்தார். அதன் அருகே 15 கிறித்தவ வீடுகள் இருந்ததாக எழுதினார். 1647இல் லிஸ்பனில் பிறந்த யோவான் தெ பிரித்தோ, அரண்மனையில் வளர்ந்த பிள்ளை, காவி உடுத்து மறவ நாட்டில் அருளானந்தராக வாழ்ந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு மாண்டார். ஓரியூர் போகிறவர்கள் இன்றும் அங்குள்ள செம்மணலைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். மார்கோ போலோ பார்த்த வழக்கம் ஓரியூரில் உயிரோடு இருக்கிறது.

மறைப்பணி என்ற பெயரில் பீரங்கியின் நிழலில் நடந்தவையும் வரலாற்றில் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. பிற சமயத்தாரிடம் கிறித்தவர் எப்படிப் பேச வேண்டும் என்ற கேள்வி, 1938 டிசம்பரில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய உலக மறைப்பணி மாநாட்டில் சூடாக விவாதிக்கப்பட்டது. அந்தக் கேள்விக்குப் பழைய கதையே ஒரு விடை வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்: கையில் உளியோடு வா, கிடைத்ததைப் பசித்தவனுக்குக் கொடு, உயிர் போகும் என்றாலும் பிறர் உயிரை எடுக்காதே.

1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இந்த மலைக்கு வந்து மன்றாடினார். 2002இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவானபோது, தாம்பரத்தோடு சேர்ந்து பரங்கிமலையும் அதன் எல்லைக்குள் வந்தது. உலகம் தேடி வந்த மலை, இன்று நம் புறநகரின் பங்குக் கோயில்களில் ஒன்று.

பரங்கிமலையை விட்டு நாம் இன்னும் இறங்கவில்லை. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி, வில்லியம் லாம்ப்டன் என்ற படை அதிகாரி 100 அடி எஃகுச் சங்கிலியோடு இந்த மலையடியில் அளக்கத் தொடங்கினார். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் அளக்கப் போகும் முதல் கோட்டை அவர் இங்கிருந்து பெரும்பாக்கம் நோக்கி இழுத்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)